மச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு

ஜெயந்தினியின் உடம்பில் மூன்று இடங்களில் ஊதா மையால் கூட்டல் குறி போட்டிருந்தார்கள். ஒன்று நடு நெஞ்சில். ஒன்று இடது அக்குளுக்குக் கீழே, விலாவில். மூன்றாவது இடது மார்பின் மேல், ஆபரேஷன் தழும்புக்கு நாலு விரல் தள்ளி, பிறந்ததிலிருந்து இருக்கிற கடுகளவு மச்சத்தை ஒட்டினாற்போல. கைக்குழந்தையைப் பார்ப்பது போல இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கம் சோப்புப் போடக் கூடாது, தேய்க்கக் கூடாது, தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக் குளிக்கக் கூடாது. கரண்ட் பிடிக்கிற, அதாவது கதிர் வைத்தியம் செய்கிற மெஷின் இந்த அடையாளங்களை வைத்துத்தான் இடம் பார்க்கும்.

தை மாதம் கட்டியை எடுத்தபோது மார்பு முழுவதையும் எடுக்கவில்லை. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டு மார்பை விட்டுவைத்தார்கள். பெரிய டாக்டர் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். விட்டுவைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது ஒளிந்திருந்தால் அதை அழிப்பதற்காகப் பதினைந்து தடவை கரண்ட் பிடிக்க வேண்டும், அதோடு சரி என்றார். ஜெயந்தினிக்கு அந்த 'ஒளிந்திருந்தால்' மட்டும்தான் காதில் விழுந்தது. அன்றிலிருந்து பல் விளக்கும்போதும், பிள்ளைக்குத் தலை வாரும்போதும், உள்ளே ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பு அவளை விட்டுப் போகவில்லை.

வட்டகொடைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்குத் தினமும் போய்வர முடியாது. திங்கள் முதல் வெள்ளி வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வெளியூர் நோயாளிகள் தங்கும் விடுதியில் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை ரயிலில் வீட்டுக்கு வருவாள். ஒரு நாளைக்குச் சில நிமிஷ வேலைதான். மேசையில் படுத்து இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சுவரிலிருந்து சிவப்பாக ஒரு ஒளிக்கோடு வந்து மூன்று கூட்டல் குறிகளின் மேலும் நேராக விழும். பிறகு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கருங்கல் சுவர் நகர்வது போலக் கனத்த கதவு மூடும். நல்ல வைத்தியம் என்றால் எல்லோரும் ஏன் ஓடுகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பாள். வலி இல்லை, சூடு இல்லை. ஒன்றுமே தெரியாமல் இருப்பதுதான் பயமாக இருந்தது.

அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் ஒன்பது வயது மகள் சர்மிளாவை மடியில் உட்கார விடவில்லை. கரண்ட் உடம்பில் தங்காது, பிள்ளையைத் தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாம் என்று அந்த மெஷின் அறையில் இருக்கிற சிங்கள மிஸ் தனக்குத் தெரிந்த தமிழில் இரண்டு தரம் சொல்லியிருந்தாள். ஜெயந்தினி தலையை ஆட்டிக்கொண்டாள். வீட்டில் பாயை நாலு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் ரத்னா அக்கா. ஹட்டன் பஜாரில் புடவைக் கடை வைத்திருக்கிற குடும்பம். நல்ல மனசுக்காரி, கொண்டுவந்த முறுக்கில் பாதியை எல்லோருக்கும் கொடுத்துவிடுவாள். கேள்விப்பட்டதையும் அப்படியே பங்கு வைப்பாள்.

"கோடு அழிஞ்சிருச்சுன்னா அவ்வளவுதான் தங்கச்சி. மறுபடி மொதல்லேருந்து, ஸ்கேன்லேருந்து. இப்புடித்தான் ஒருத்திக்கு அழிஞ்சுபோயி, ஸ்கேன் மெஷினுக்கு நாள் கெடைக்காம இருவது நாள் வீட்ல ஒக்காந்துட்டு வந்தா. வந்து பாத்தா மத்தப் பக்கத்துலயும் கட்டி."

யார் அந்தப் பெண், எந்த ஊர் என்று ஜெயந்தினி கேட்கவில்லை. அந்தக் கதை அவளுக்குள் இறங்கி, ஏற்கெனவே ஒளிந்திருந்ததற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

எட்டுத் தடவை முடிந்து இன்னும் ஏழு இருந்த வாரத்தில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது.

லயத்து வீட்டு வரிசையில் யாருக்கும் விஷயம் தெரியாது. கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லி வைத்திருந்தார்கள். அப்படிச் சொன்னால் ஆம்பிளைகள் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள், பொம்பளைகள் தங்கள் கர்ப்பப்பையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஜெயந்தினியின் அம்மா மாரில் கட்டி வந்து, அது புண்ணாகி, பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுப்பதை நிறுத்திய மூன்றாம் மாதம் செத்துப்போனவள். தாய்க்கும் மகளுக்கும் ஒரே சீக்கு என்று தெரிந்தால் அடுத்த பேச்சு சர்மிளாவைப் பற்றித்தான் வரும். பிள்ளைக்கு ஒன்பது வயதுதான். ஆனால் பேச்சுக்கு வயது கிடையாது. அதனால் கணவன் வைரவனின் கூடப்பிறந்த தங்கை, அடுத்த காம்பராவில் இருக்கிற தர்ஷிகாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சள் நீராட்டு. கரகம் ஆற்றுக்குப் போகிற வழியெல்லாம் முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். மச்சான், கொழுந்தியா, நாத்தனார், அண்ணி, யாரும் தப்ப முடியாது. வேண்டாம் என்று சொன்னால் அம்மனையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. ஜெயந்தினி முன்பே யோசித்து, வயிற்றுத் தையல் இழுக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். மேளச் சத்தம் லயத்தைத் தாண்டிப் போனது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் பக்கம் திரும்பிச் சின்னதாகிவிட்டது. இனிப் பயமில்லை என்று, சர்மிளாவின் ஈரப் பாவாடையைக் காயப்போட வீட்டு முன் இஸ்தோப்புக்கு வந்தாள்.

தூணுக்குப் பின்னால் தர்ஷிகா நின்றுகொண்டிருந்தாள். கையில் குடம். உடம்பெல்லாம் மஞ்சள். முகம் கொள்ளாத சிரிப்பு.

"வருசம் பூரா எங்கண்ணன முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கீங்கள்ல அண்ணி? இன்னைக்கு மட்டும் தப்பிச்சிரலாம்னு பாத்தீங்களாக்கும்."

ஜெயந்தினி கையை நீட்டித் தடுப்பதற்குள் குடம் தலையில் கவிழ்ந்தது. மலைத் தண்ணீர், பனிக்கட்டி மாதிரி. கழுத்து வழியாக இறங்கி ரவிக்கைக்குள் ஓடியது. தர்ஷிகா அடுத்த வீட்டுக்காரியைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டாள். ஜெயந்தினி பதறிப்போய் உள்ளே ஓடிக் கதவைப் பூட்டினாள். ரவிக்கையைக் கழற்றி, கைக்குக் கிடைத்த துவாயை எடுத்து அவசர அவசரமாகத் துடைத்தாள். துடைத்துவிட்டுத்தான் துவாயைப் பார்த்தாள். மஞ்சளின் நடுவே ஊதாவாக ஒரு தீற்றல்.

கொடியில் தொங்கிய கைக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். நடு நெஞ்சில் இருந்தது மங்கியிருந்தாலும் தெரிந்தது. விலாவில் இருந்தது அப்படியே இருந்தது. மச்சத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. வெறும் தோல். மஞ்சள் பூத்து, நல்ல நாளைக்குக் குளித்தது போல அழகாக இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருபது நாள், இருபது நாள் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

வைரவன் கோவிலிலிருந்து வந்து கதவைத் தட்டியபோது பத்துமணி தாண்டியிருந்தது. அவனுக்குக் கொழுந்து லொறியில் வேலை. மடுவத்தில் எடை போட்ட தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் கட்டி, எந்த மலைக் கொழுந்து, எத்தனை கிலோ என்று மார்க்கர் பேனாவால் சாக்கின் மேல் எழுதி லொறியில் ஏற்றுவான். பதினெட்டு வருஷமாக அதே வேலை. அவன் எழுதிய சாக்கு என்றால் தொழிற்சாலையில் தூரத்திலிருந்தே தெரியும், எழுத்து அச்சடித்தாற்போல நேராக நிற்கும்.

நல்லவன். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து அவள் வாளி தூக்கியதில்லை, விறகு பிளந்ததில்லை. ஆனால் மருந்து கட்டுகிற நேரம் வந்தால் வெந்நீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விடுவான். நான்கு மாதமாக அந்தப் பக்கம் அவன் கண் போகவே இல்லை. அருவருப்பு என்று ஜெயந்தினி முடிவுகட்டி, அதையும் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் துவாயைப் பார்த்தான். நடந்ததைக் கேட்டான். தங்கச்சியைத் திட்ட வாயெடுத்துவிட்டு, அவளுக்கு எப்படித் தெரியும் என்று தானே அடக்கிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணலாமா என்றான். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள், எடுத்தாலும் மறுபடி முதலிலிருந்து என்று சொல்வார்கள், வேண்டவே வேண்டாம் என்று ஜெயந்தினி அழுதாள். ரத்னா அக்கா சொன்ன பெண்ணின் கதையைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்த அவனுடைய முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"நீங்களே போட்டு விடுங்க," என்றாள். "சாக்குல எழுதுற மாதிரி நெனச்சுக்குங்க."

"சாக்கு மூச்சு விடாது புள்ள."

ஆனாலும் எழுந்தான். சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினான். கொழுந்துக் கறை ஏறிய நகங்களைத் துடைத்தான். பையில் கறுப்பும் நீலமும் இருந்தன, ஊதாவுக்குக் கிட்டத்தில் வரும் என்று நீலத்தை எடுத்தான். சர்மிளாவைத் தர்ஷிகாவின் காம்பராவுக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலோரம் பெட்டியின் மேல் ஜெயந்தினியை உட்காரவைத்தான். அவள் முந்தானையை விலக்கினாள்.

அவன் பார்த்தான். தழும்பு, அதன் ஓரத்தில் பள்ளமாக உள்வாங்கியிருந்த இடம், எட்டு நாள் கரண்டில் கறுத்து வெயில் பட்டாற்போலச் சிவந்த தோல். வெகுநேரம் பார்த்தான். பேனாவின் மூடியைத் திறந்து, திரும்பவும் மூடினான்.

"நான் பாக்காம இருந்தது வேற எதுனாலயும் இல்ல," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "பாத்தா நெசமாயிரும்னு பயம்."

ஜெயந்தினி முந்தானையை இன்னும் கொஞ்சம் விலக்கினாள்.

மச்சத்தை ஒட்டித்தான் இருந்தது என்று அவள் காட்டினாள். அவன் நெற்றியைச் சுருக்கினான். நெஞ்சில் இருப்பதையும் விலாவில் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்றும் ஒரே நேரில்தானே இருக்கும், இல்லாவிட்டால் அது என்ன அளவு என்று கேட்டான். அவள் யோசித்தாள். சுவரிலிருந்து வருகிற சிவப்புக் கோடு மூன்றின் மேலும் நேராக விழுந்தது உண்மைதான். ஆமாம், நேர்தான் என்றாள். சர்மிளாவின் பள்ளிக்கூட அடிமட்டத்தை எடுத்து இரண்டு குறிகளுக்கும் நடுவே வைத்துப் பார்த்தான். அந்த நேருக்கு மச்சத்திலிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு மேலே வந்தது.

"அவ்வளவு மேல இல்லீங்க. மச்சத்துக்குப் பக்கத்துல."

"அப்புடிப் போட்டா கோணும் புள்ள. பதினெட்டு வருசமா கோடு போடுறேன்."

கோணலை அவன் கண் ஒத்துக்கொள்ளாது. அவளுக்கும் தன் ஞாபகத்தை விட அடிமட்டத்தின் மேல் நம்பிக்கை வந்தது. பேனாவின் முனை குளிராகத் தோலில் பட்டது. மையிலிருந்து சாராய வாடை அடித்தது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டே இழுப்பில் ஒரு கூட்டல் குறி போட்டான். அவ்வளவு நேரான குறியை ஆஸ்பத்திரியில்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். வாயைக் குவித்து, மை காயட்டும் என்று அதன் மேல் மெல்ல ஊதினான். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவனுடைய மூச்சு அவள் மேல் பட்டது. வேறொரு நாளாக இருந்திருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள்.

மறுநாள் அவளைத் தனியாக அனுப்ப வைரவனுக்கு மனம் வரவில்லை. கங்காணியிடம் லீவு சொல்லிவிட்டுத் தலவாக்கலையிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் அவளோடு ஏறினான். பஸ் வட்டவளையைத் தாண்டியது. வெளியே பனி, கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. ஜெயந்தினி சேலைக்குள் கையை விட்டு மச்சத்தைத் தடவிப் பார்த்தாள், பிறகு மேலே குறி இருக்கும் இடத்தைத் தடவினாள். இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் ஒவ்வொரு வளைவிலும் கூடிக்கொண்டே போவது போலிருந்தது.

கம்பளை வந்தபோது வைரவன் குரலைத் தாழ்த்தி, "சொல்லிறலாமா?" என்று கேட்டான்.

"வேணாம்."

"தப்பா போட்டிருந்தேன்னா?"

"ஏழு நாள்தாங்க இருக்கு. ஏழு நாள் போயிட்டா முடிஞ்சிரும்."

அவன் நீலக் கறை இருந்த விரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டே வந்தான். அது போகவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வைரவன் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். ஜெயந்தினி மேசையில் படுத்தாள். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பலகையில் வைத்தாள். அப்போதே அவளுக்கு ஏதோ ஒன்று தெரிந்துவிட்டது. கை மேலே போகும்போது மார்பின் தோலும் கூடவே இழுபட்டு மேலே போனது. வைரவன் போட்ட குறியும் அதோடு போனது.

விளக்கை அணைத்தார்கள். சிவப்புக் கோடு வந்து விழுந்தது. நெஞ்சிலும் விலாவிலும் சரியாக விழுந்தது. மச்சத்தை உரசிக்கொண்டு போனது. நீலக் குறி மட்டும் கோட்டுக்கு வெகு மேலே, வழி தவறிய ஆள் போலத் தனியாக நின்றது.

அந்த மிஸ் குனிந்து பார்த்தாள். ஜெயந்தினிக்குக் கீழே இருந்த துணியைப் பிடித்து அவளைக் கொஞ்சம் நகர்த்தினாள். நீலக் குறி கோட்டுக்கு வந்தது, மற்ற இரண்டும் கோட்டை விட்டுப் போயின. திரும்பவும் நகர்த்தினாள். அவை வந்தன, இது போனது. அவள் நெற்றி சுருங்கியது. கூட இருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள்.

"அம்மா, இது கழுவினதா? வீட்ல யாரும் கோடு போட்டதா?"

"இல்ல மிஸ்," என்றாள் ஜெயந்தினி.

வாய் தானாகச் சொன்னது. தன் காதிலேயே அது பொய்யாகக் கேட்டது. மிஸ் அவளை ஒரு கணம் பார்த்தாள். கையைப் பலகையில் சரியாக வைத்துவிட்டு, அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு வெளியே போனாள். எல்லோரும் போனார்கள். கனத்த கதவு மெதுவாக மூட ஆரம்பித்தது.

ஜெயந்தினி மேலே பார்த்துப் படுத்திருந்தாள். மெஷினின் தலை அவளுக்கு மேலே வந்து நின்றது. இப்போது அது எங்கே பார்க்கும்? அவள் வீட்டுக்காரன் அடிமட்டம் வைத்துப் போட்ட இடத்தையா? ஒளிந்திருப்பது கீழே, மச்சத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கரண்ட் அதன் தலைக்கு மேலே போய் வேறு எங்கோ சுடும். ஏழு நாளும் அப்படியே சுடும். அது சும்மா உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும். அம்மா கடைசியில் படுத்திருந்த கட்டில் ஞாபகம் வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகாத அந்த வாடை ஞாபகம் வந்தது. அப்போது தனக்குப் பதினோரு வயது. சர்மிளாவுக்கு இப்போது ஒன்பது.

கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம்தான் பாக்கி இருந்தது.

அவள் கையைப் பலகையிலிருந்து எடுத்தாள். எதற்காகவும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்த கை. அதைக் கொண்டுவந்து நீலக் குறியின் மேல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். சுவரில் இருந்த ஸ்பீக்கரில் மிஸ்ஸின் குரல் வந்தது. "ஹெல்லென்ன எபா. அசைய வேணாம் அம்மா."

"நிப்பாட்டுங்க மிஸ்," என்றாள் ஜெயந்தினி. குரல் பெரிதாக வரவில்லை. "பொய் சொல்லிட்டேன். இந்தக் கோடு எங்க வீட்டுக்காரர் போட்டது."

கதவு நின்றது. பிறகு திறந்தது.

கரண்ட் பிடிக்க அவர்கள் வெளியே போகவில்லை, சந்தேகத்தில் முதலில் ஒரு படம் எடுத்துப் பார்க்கத்தான் போயிருந்தார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அது தெரியாத அந்த நேரத்தில், மேசையில் எழுந்து உட்கார்ந்து, துணியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மிஸ் அவளுடைய முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் தண்ணீர், சாக்குப் பேனா, அடிமட்டம், இருபது நாள் எல்லாவற்றையும் ஜெயந்தினி சிங்களமும் தமிழும் கலந்து சொன்னாள்.

வைரவனை உள்ளே கூப்பிட்டார்கள். தோட்டத்துத் துரைக்கு முன்னால் நிற்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பெரிய டாக்டர் வந்து பார்த்தார். ஜெயந்தினி பயந்ததுபோல அவர் கத்தவில்லை. ஸ்கேன் புதன்கிழமையே எடுக்கலாம், இரண்டு நாள் விட்டுப்போவதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், அதனால் ஒன்றும் ஆகிவிடாது என்றார். ரத்னா அக்கா சொன்ன பெண்ணைப் பற்றிக் கேட்டபோது, அப்படி ஒருவரைத் தனக்குத் தெரியாது, தெரியாத ஆளின் வியாதியை நீங்கள் சுமக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஆனால் போகும்போது திரும்பிப் பார்த்து, கொஞ்சம் கடுமையாகவே, இனிமேல் யாரும் வீட்டில் கோடு போடக் கூடாது என்றார்.

மிஸ் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நீலக் குறியை அழித்தாள். மார்க்கர் மை லேசில் போகவில்லை.

"நேரா இருக்கு," என்றாள் வைரவனைப் பார்த்து. "ஸ்கேல் வச்சதா?"

அவன் தலையை ஆட்டினான்.

"உட்கார வச்சுப் போட்டதா? கை கீழ?"

அதற்கும் ஆட்டினான்.

"இங்க படுத்து, கை மேல வச்சு நாங்க போட்டது. உட்கார்ந்தா தோல் எல்லாம் இறங்கும். உடம்பு சாக்கு இல்ல தானே." அவள் இரண்டு விரலை வைத்து, அழித்த இடத்திலிருந்து பழைய இடம்வரை அளந்து காட்டினாள். ஒன்றரை அங்குலம் இருக்கும். "இவ்வளவு. இதை நம்பினா, தேவையான இடம் பாதி விட்டுப்போகும்."

வைரவன் அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நடைபாதைக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து நின்று, பதினெட்டு வருசம் என்று மட்டும் சொன்னான். பிறகு போனை எடுத்துத் தங்கச்சிக்குப் பேசினான். கர்ப்பப்பை இல்லை, மாரில் என்றான். ஜெயந்தினி தடுக்கவில்லை. அந்தப் பக்கம் தர்ஷிகா அழுவது கேட்டது. என் கையாலயா ஊத்தினேன், என் கையாலயா என்று அதையே சொல்லி அழுதாள். சர்மிளாவுக்குச் சொல்ல வேண்டாம், நாங்கள் வந்து சொல்லிக்கொள்கிறோம் என்று வைரவன் சொன்னான்.

புதன்கிழமை ஸ்கேன் எடுத்துப் புதிதாக மூன்று குறியும் போட்டார்கள். மேலே கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டினார்கள். கடைசிக் குறி மச்சத்துக்கு அரை விரல்கூட இடைவெளி இல்லாமல், கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. அன்றைக்கே ஒன்பதாவது கரண்ட் பிடித்தார்கள். கதவு மூடியபோது அவளுக்குப் பயம் குறையவில்லை. உள்ளே ஒளிந்திருப்பது போயிற்றா, இருக்கிறதா என்று இந்த மெஷினும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் சிவப்புக் கோடு மூன்றின் மேலும் விழுந்ததை அவள் பார்த்திருந்தாள். கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, அசையாமல் கிடந்தாள்.

கோடு மங்கினால் எப்படித் தெரியும் என்று வைரவன் திங்கட்கிழமையே மிஸ்ஸிடம் கேட்டிருந்தான். வரைய வேண்டாம், வீட்டில் இருக்கிற நாளில் காலையிலும் சாயங்காலமும் ஒரு தடவை பாருங்கள், மங்கினால் போன் பண்ணுங்கள் என்று அவள் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜெயந்தினி வீட்டுக்கு வந்தபோது வாசலில் தர்ஷிகா நின்றிருந்தாள். கிட்டே வரவும் பயந்து, போகவும் முடியாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ஜெயந்தினிதான் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். சர்மிளா ஓடிவந்து வழக்கம்போல நாலு முழம் தள்ளி நின்றாள். ஜெயந்தினி பாயில் உட்கார்ந்து, வலது பக்கமாக அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் தலையில் புகை வாடையும் தேங்காயெண்ணெய் வாடையும் அடித்தது. மிஸ் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டே அணைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் தர்ஷிகா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனதும் வைரவன் கதவைச் சாத்தினான். லைட்டைப் போட்டான். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, பெட்டிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். ஜெயந்தினி முந்தானையை விலக்கிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கா?" என்றாள்.

அவன் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். முதலிலிருந்து திரும்பவும் பார்த்தான்.

"இருக்கு."

"மச்சத்துக்குப் பக்கத்துல?"

"பக்கத்துலதான். கோணலா இருக்கு."

அவள் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். வெளியே கோயில் பக்கம் பந்தல் பிரிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, அவன் லைட்டை அணைக்கக் கையை நீட்டியபோது, இன்னொரு தரம் பாருங்க என்றாள். அவன் மறுபடியும் முட்டி போட்டு உட்கார்ந்தான்.